முருகன் வேடத்தில் மறைந்த விசுவநாததாஸ்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு கேட்டபோது, கல்விப் பணி ஆற்றிய பெரியார் ஒருவரின் வரலாற்றையே யான் எழுதுவேன் என்று நண்பர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரின் வரலாறுகளை நம் இளைஞர்கள் ஓரளவேனும் அறிவர். அவற்றை அறிந்தோர் எழுதுவர். யான் ஒரு நாடக நடிகரைப் பற்றி எழுத விழைகின்றேன். அரிதாரம் பூசி, முடி தரித்து, விடிய விடியப் பாடிய ஒருவருக்கு இம்மலரில் என்ன இடம் என்று கேட்போர், இறுதிவரை பொறுமையாகப் படித்தருள வேண்டுகிறேன்.

நம் காரைக்கால் பகுதிச் சிற்றூர்களில் நாடகம் பார்க்கும் வழக்கம் இன்று பெரிதும் குறைந்துவிட்டது. ஆயினும் நெடுங்காட்டிலும் திருநள்ளாற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் ஐம்பது அகவையைக் கடந்தோரைக் கேட்டால், திருவிழா இரவில் பாய் விரித்து அமர்ந்து வள்ளி திருமணம் பார்த்த கதையைச் சொல்வர். மயில்மேல் முருகன் தோன்றும் காட்சியில் கூட்டத்தில் இருந்த மூதாட்டியர் கைகூப்பித் தொழுவதை யான் சிறுவனாக இருந்தபோது கண்டிருக்கின்றேன். அந்த முருகன் மறுநாட் காலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருப்பார். அப்போது அவரை யாரும் தொழமாட்டார்கள். அவர் இன்ன சாதியினர் என்று தெரிந்துவிட்டால், தேநீர்க் கடையில் அவருக்கு எந்தக் குவளையைக் கொடுப்பது என்றுகூட யோசிப்பார்கள். வேடத்திற்கு ஒரு மரியாதை, வேடம் தரித்த மனிதனுக்கு வேறொரு மரியாதை. இந்த இரட்டை வழக்கை வாழ்நாள் முழுதும் எதிர்கொண்டவரே தியாகி விசுவநாததாஸ்.

அவர் 1886 ஆம் ஆண்டு சூன் திங்கள் 16 ஆம் நாள் சிவகாசியில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணியப் பண்டிதர்; தாயார் ஞானாம்பாள். மதுரையை அடுத்த திருமங்கலமே பின்னர் அவருக்குச் சொந்த ஊராயிற்று. பண்டிதர் என்னும் பட்டப் பெயரைக் கண்டு கற்றோர் குடும்பம் என்று எண்ணிவிடல் ஆகாது. முடிதிருத்தும் தொழிலையும் நாட்டு மருத்துவத்தையும் மரபாகக் கொண்ட மருத்துவர் குலத்திற்கு அக்காலத்தில் வழங்கிய பெயர் அது. பெயரில் பண்டிதர்; ஊரார் நடத்தையிலோ வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படுபவர்.

ஈண்டு ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நம் மக்களுக்கு முடிதிருத்த மறுத்த ஊர்கள் தமிழகத்தில் ஏராளம். நம் தெருவுக்கு வராத கத்தி அந்தக் குலத்தாருடைய கத்திதான். மேல்சாதியாரின் அச்சுறுத்தலுக்கு அஞ்சியும், தாமும் ஒருபடி மேலானவர் என்ற மயக்கத்தாலும் அவர்கள் அவ்வாறு நடந்துகொண்டனர். சாதி என்பது படிப்படியாக அடுக்கப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் விளக்கியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆகவே விசுவநாததாஸ் நம்மவர் என்று யான் உரிமை கொண்டாட வரவில்லை. அவர் நம்மவர் அல்லர். ஆனால் நம் காலில் தைத்த முள்ளே அவர் காலிலும் தைத்தது.

இளமையிலேயே அவருக்கு இசையில் நாட்டம் மிகுந்திருந்தது. குரல் வளமும் வாய்த்தது. அக்காலத்தில் குரல் வளம் கொண்ட ஏழைச் சிறுவனுக்குத் திறந்திருந்த கதவு நாடகக் கொட்டகையின் கதவு ஒன்றே. அவ்வழியே சென்ற அவர் படிப்படியாக உயர்ந்து, இராசபார்ட் நடிகராகப் பெயர் பெற்றார். கதாநாயகனாக வருபவரை இராசபார்ட் என்றும், நாயகியாக வருபவரை ஸ்திரீபார்ட் என்றும் அழைப்பது நாடக உலகின் வழக்கம்.

அந்நாளைய நாடகம் எவ்வாறு நடந்தது என்பதை இளைஞர்கள் அறிந்துகொண்டால்தான் மேற்சொல்வது விளங்கும். சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோர் ஆசிரியர்களாக இருந்து நடத்திய நாடகக் குழுக்கள் ஒருபுறம் இருந்தன. சுவாமிகளே வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களை இயற்றித் தந்தவர். 1922 இல் நம் புதுச்சேரியில்தான் அவர் உயிர் பிரிந்தது. மற்றொருபுறம் ஸ்பெஷல் நாடகம் என்ற முறை வளர்ந்தது. இதில் நிலையான குழு கிடையாது. ஓர் ஊரார் நாடகம் நடத்த விரும்பினால், இராசபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட்டை வேறோர் ஊரிலிருந்தும், நாரதரையும் கோமாளியையும் ஆர்மோனியக்காரரையும் தனித்தனியே பேசி வரவழைப்பர். ஒத்திகை கிடையாது. கதை எல்லாருக்கும் தெரியும், பாட்டும் தெரியும், தர்க்கம் மேடையிலேயே பிறக்கும்.

உடை வகுத்துக் கொடுக்கத் தனியொருவர் அங்கே இல்லை. ஒவ்வொரு நடிகரும் தமக்குரிய உடைகளைத் தாமே தேடித் தைத்துக்கொண்டு, ஒரு பெட்டியில் வைத்துத் தம்முடன் எடுத்துவருவார். சரிகை வைத்துத் தைத்த வெல்வெட்டுச் சட்டை, சம்கி பதித்த மார்புப் பட்டை, கண்ணாடி மணிகள் கோத்த மாலைகள், காகிதத்தையும் அட்டையையும் ஒட்டிக் காக்காய்ப்பொன் பதித்த முடி, முகத்திற்கு அரிதாரமும் முத்துவெள்ளையும், புருவத்திற்கு மை ஆகியவை அப்பெட்டியில் இருக்கும். விளக்கு ஒளியில் நூறு அடிக்கு அப்பால் அமர்ந்திருப்பவன் கண்ணுக்கும் இவன் அரசன், இவன் கடவுள் என்று தெரிய வேண்டும். அதற்கேற்ப எது மின்ன வேண்டும், எது மின்னக் கூடாது என்பதை நடிகரே முடிவுசெய்ய வேண்டும். ஆகவே அக்கால நடிகர் ஒவ்வொருவரும் உடைக் கலைஞராகவும் இருந்தார். பெட்டியே அவருடைய மூலதனம். பெட்டி அடகுக்குப் போனால் தொழிலும் போயிற்று.

விசுவநாததாஸ் புகழ் பெற்றது வள்ளி திருமணத்து முருகனாக. அந்நாடகத்தில் முருகனாக நடிப்பவர் ஒரே இரவில் பலமுறை உருமாற வேண்டும். தினைப்புனத்தில் வள்ளியைக் காண வேடனாக வருவார். பின்னர்த் தள்ளாடும் கிழவனாக வருவார். இறுதியில் முடியும் வேலும் தாங்கி முருகனாக மயில்மேல் காட்சி தருவார். வேடனுக்கு உரிய உடையில் அரச மிடுக்கு தெரியக் கூடாது; ஆயினும் இவன் வெறும் வேடன் அல்லன் என்ற ஐயம் பார்ப்பவருக்கு எழ வேண்டும். கிழவனுக்கு நரைத்த தாடியும் கோலும் மட்டும் போதா. சற்று முன்பு கணீரென்று பாடிய குரலும் கூன வேண்டும். திரைக்குப் பின்னே சில நிமிடங்களில் ஓர் உடையைக் களைந்து மற்றோர் உடையைப் புனைய வேண்டும். பள்ளி ஆண்டு விழாக்களில் பிள்ளைகளுக்கு வேடம் கட்டிவிட்டு வியர்த்துப்போகும் எம் போன்ற ஆசிரியர்களுக்கு அதன் அருமை நன்கு தெரியும்.

கதையையும் எண்ணிப் பாருங்கள். வள்ளி குறவர் வளர்த்த மகள். காட்டுத் தினை காத்தவள். அவளை நாடி வந்தவன் தேவர் படைத் தலைவன். சாதி வேலியைக் கடவுளே தாண்டி வந்த கதையைத்தான் ஊர்தோறும் ஆடிக் காட்டினர். மக்களும் பக்தியோடு கண்டனர். ஆனால் அந்த மேடையிலேயே, மருத்துவர் குலத்தில் பிறந்தவருக்கு இணையாக நின்று நடிக்க மாட்டோம் என்று அந்நாளைய நடிகையர் சிலர் மறுத்தனர். குறமகளாக வேடம் தரித்தவர், முருகனாக வேடம் தரித்தவருடைய சாதியைப் பார்த்து ஒதுங்கினார். இதனை எழுதும்போது சிரிப்பதா சினப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அந்நூல் முதன்முதலில் அச்சேறத் துணைநின்றவர் நம் காரைக்காலில் அதிகாரியாக இருந்த சீசையா என்னும் பிரெஞ்சுக்காரர் என்பது நாம் பெருமையோடு நினைவுகூரத் தக்கது. அக்கதை பின்னர் நாடகமாயிற்று, திரைப்படமும் ஆயிற்று. 1935 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் நந்தனாராக நடிக்கக் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது அக்காலத்தில் பெரும் பேச்சு. மேல்சாதி நடிகர் கரியைப் பூசிக் கந்தலை உடுத்து நந்தனார் ஆனபோது, கலைநயம் என்று பாராட்டினர். கீழ்ச்சாதி என்று சொல்லப்பட்டவர் பட்டுடுத்து முருகன் ஆனபோதுதான் சாதி நினைவுக்கு வந்தது. வேடத்தில் கீழே இறங்குவது எளிது. மேலே ஏறுவதற்குத்தான் ஊரார் அனுமதி வேண்டியிருந்தது.

உடை என்பது நாடகத்திற்கு மட்டும் உரிய செய்தி அன்று. 1930 ஆம் ஆண்டு திசம்பர் திங்களில், இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது 8 தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டையும் பனியனும் போடக் கூடாது. தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது; பூச்சூடக் கூடாது. குடையும் செருப்பும் கூடா. மண்பாண்டமன்றி வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. இந்த எட்டில் ஏழு உடலின் தோற்றத்தைப் பற்றியவை என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். விசுவநாததாஸ் பிறந்த சிவகாசியும் அந்நாளில் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. பகலில் சட்டை போட்டதற்காக ஒருவன் அடிபட்ட அதே மண்ணில், இரவில் ஒருவர் முடியும் மார்புப் பட்டையும் தரித்து மேடையேறினார் என்றால், அது வெறும் பொழுதுபோக்கு ஆகுமா?

மேடையில் அவர் ஆற்றிய மற்றொரு பணிதான் அவரைத் தியாகி ஆக்கியது. 1919 ஏப்ரல் 13 ஆம் நாள் அமிர்தசரசு ஜாலியன்வாலாபாக்கில் நிகழ்ந்த படுகொலை நாடெங்கும் கொதிப்பை ஏற்படுத்தியது. காந்தியடிகளின் இயக்கம் தமிழகத்துச் சிற்றூர்வரை பரவியது. செய்தித்தாள் படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலரே. படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானோருக்கு நாடகப் பாட்டே செய்தித்தாள் ஆயிற்று. மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் இயற்றிய தேசியப் பாடல்களை விசுவநாததாஸ் புராண நாடகங்களுக்கு இடையே பாடினார். பஞ்சாப் படுகொலையைப் பற்றிய பாட்டைக் கேட்டு மக்கள் கண்ணீர் விட்டனர். கதரின் பெருமையைப் பாடினார். தாமும் கதர் அணிந்தார். சரிகையும் வெல்வெட்டுமே நாடக உடையின் அழகு என்றிருந்த காலத்தில் முரட்டுக் கதருக்கும் மேடையில் ஒரு மதிப்பு உண்டாயிற்று.

அவருடைய பாட்டுகளுள் மிகவும் பெயர் பெற்றது வெள்ளைக் கொக்கைப் பற்றியது. வள்ளி தினைப்புனம் காக்கும் காட்சியில் பறவைகளை விரட்டும் இடம் ஒன்று உண்டு. அவ்விடத்தில், தினையைக் கொள்ளையடிக்க வந்த வெள்ளைக் கொக்கைக் காட்டி அவர் பாடத் தொடங்கினால், கொட்டகையே அதிருமாம். அந்தக் கொக்கு எந்த நாட்டிலிருந்து பறந்து வந்தது என்பது கேட்டோர் அனைவருக்கும் விளங்கியது. காவலருக்கும் விளங்கியது. ஆனால் தினைப்புனத்தில் கொக்கு வருவதும், அதனை விரட்டுவதும் கதையில் உள்ளதே அன்றோ? வெள்ளையரின் ஆட்சியை எதிர்க்கும் நாடகங்களைத் தடைசெய்ய 1876 இலேயே நாடகச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருந்தது. அச்சட்டத்தால் நாடகத்தைத் தடுக்கலாம். முருகன் வாயில் அந்த நொடியில் பிறக்கும் பாட்டை முன்கூட்டியே எப்படித் தடுப்பது?

ஆகவே பாடிய பிறகு கைது செய்தனர். பலமுறை சிறை சென்றார். சிறையிலிருந்து வெளிவந்ததும் அடுத்த ஊர் மேடையில் அதே பாட்டைப் பாடினார். இது குறித்து நாடக உலகினர் வழிவழியாகச் சொல்லிவரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே காவலர் மேடையேறிக் கைது ஆணையைக் காட்டினராம். அந்த ஆணையில் யாருடைய பெயர் உள்ளது என்று அவர் வினவினார். விசுவநாததாஸ் என்றனர். அப்படியாயின் இங்கே நிற்பவன் முருகன். முருகனைச் சிறைப்படுத்த ஆணை உண்டாயின் காட்டுங்கள். இல்லையேல் வேடம் களையும் வரை பொறுத்திருங்கள் என்று அவர் கூறிவிட்டாராம். கூட்டம் ஆர்ப்பரித்தது. காவலர் திரையோரம் காத்து நின்றனர். விடியும்வரை பாடி முடித்து, முடியை இறக்கி, அரிதாரத்தைத் துடைத்துவிட்டுத் தாமே சென்று அவர்களுடன் நடந்தாராம். செவிவழிச் செய்தியாதலின் இதில் ஒரு சொல் கூடியிருக்கலாம், ஒரு சொல் குறைந்திருக்கலாம். ஆனால் அவர் வேடத்தின் ஆற்றலை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார் என்பதை மக்கள் புரிந்துகொண்டிருந்தனர் என்பதற்கு இக்கதையே சான்று. எந்த வேடத்தைத் தொழுது, அதனைத் தரித்தவரை இகழ்ந்தார்களோ, அந்த வேடத்தையே அவர் கேடயமாகப் பிடித்தார்.

என் சொந்த நினைவு ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். யான் ஐந்தாம் வகுப்பில் பயின்றபோது பள்ளியில் அரிச்சந்திரன் நாடகம் போட்டார்கள். அரிச்சந்திரனுடைய பேச்சு முழுவதும் எனக்கு மனப்பாடம். எனக்குக் கிடைத்ததோ ஈட்டி பிடித்து நிற்கும் காவலன் வேடம்; மூன்று மணி நேரத்தில் ஒரு சொல்லும் கிடையாது. முடி தரித்த சிறுவன் நடுவில் பேச்சை மறந்து விழித்தபோது, பின்னால் நின்ற யான் மெல்ல எடுத்துக் கொடுத்தேன். ஆசிரியர் என்னைப் பாராட்டினார். அடுத்த ஆண்டும் ஈட்டியே கிடைத்தது. இன்று என் பள்ளியில் ஆண்டு விழா நாடகத்திற்கு யாருக்கு எந்த வேடம் என்ற பட்டியல் என் கையொப்பத்திற்கு வரும்போது, முதலில் முடி யாருக்கு, ஈட்டி யாருக்கு என்றுதான் பார்க்கின்றேன்.

விசுவநாததாஸ் புகழ் பெற்றாரே அன்றிப் பொருள் சேர்க்கவில்லை. சிறையில் கழிந்த நாள்களுக்கு வருவாய் ஏது? 1931 இல் தமிழ்ப் பேசும் படம் வந்தபின் நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகத் திரைப்படக் கொட்டகைகளாக மாறின. 1937 இல் காங்கிரசு அமைச்சரவை வந்தபோது தேசியப் பாட்டுக்குச் சற்றே மூச்சுவிட இடம் கிடைத்தது. 1939 இல் உலகப் போர் மூண்டு அந்த அமைச்சரவை விலகியதும் பழைய நிலையே திரும்பியது. திருமங்கலத்து வீடு கடனில் மூழ்கியது. தேசியப் பாட்டைக் கைவிட்டால் கடனை அடைக்க வழிசெய்வதாக ஆட்சியாளர் தரப்பிலிருந்து ஆசை காட்டப்பட்டதாகவும், அவர் அதனை ஏற்க மறுத்ததாகவும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

கடன் நெருக்கியபோது அவரிடம் எஞ்சியிருந்தவை குரலும் வேடமும்தான். சென்னை இராயல் நாடக அரங்கில் வள்ளி திருமணம் நடத்த ஏற்பாடாயிற்று. உடல் நலிந்திருந்தது. ஆயினும் ஒப்புக்கொண்டார். 1940 ஆம் ஆண்டு திசம்பர் 31 ஆம் நாள் இரவு. ஆண்டின் கடைசி நாள். அரங்கு நிறைந்திருந்தது. முடியும் மாலையும் தரித்து, அரிதாரம் பூசி, முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடத் தொடங்கினார். பாட்டு நின்றது. தலை சாய்ந்தது. அவையோர் அதுவும் நடிப்பின் ஒரு பகுதி என்றே சிறிது நேரம் எண்ணியிருக்கக்கூடும். பிறகுதான் உயிர் பிரிந்துவிட்டது என்பது தெரிந்தது. அப்போது அவருக்கு அகவை 54.

இந்திய விடுதலையை அவர் காணவில்லை. நம் காரைக்கால் பிரெஞ்சுக்காரரிடமிருந்து விடுபட்ட 1954 நவம்பர் முதல் நாளுக்கும் அவருடைய இறுதி இரவுக்கும் இடையே ஏறத்தாழ 14 ஆண்டுகள் இருந்தன. திருமங்கலத்தில் தமிழக அரசு அவருக்கு நினைவு இல்லம் அமைத்துள்ளது. மதுரைக்குச் செல்லும் இளைஞர்கள் பேருந்தில் சிறிது நேரமே பயணம் செய்தால் அதனைக் காணலாம்.

மேடையில் எத்தனையோ இரவுகள் நாடகம் முடிந்தபின் அவர் தம் கையாலேயே முடியை இறக்கி, மாலைகளைக் கழற்றி, பெட்டியில் அடுக்கி, முகத்தைத் துடைத்துவிட்டு மீண்டும் பண்டிதர் மகனாக ஊருக்குள் நடந்திருக்கிறார். அந்த ஓர் இரவில் மட்டும் வேடத்தைக் களையும் வேலை அவருக்கு இல்லாமற் போயிற்று.